நீட்டி வைத்து எடுத்த படம்

என் மகளின் வலது முட்டியை நான் மூன்று முறை படம் எடுத்திருக்கிறேன். முதல் இரண்டு முறையும் "ஒண்ணுமில்லம்மா" என்று அவளிடம் சொன்னவன் நான்தான். மூன்றாவது முறை அவளைப் பெஞ்சோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எக்ஸ்ரே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எத்தனை கேவி மின்னழுத்தம், எவ்வளவு நேரம் என்பதுதான். அதெல்லாம் மெஷினோடு வரும் அட்டையிலேயே இருக்கிறது. அட்டையில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். வருடங்கள் ஆகியும், யாருடைய முட்டியையாவது மேஜைமேல் வைக்கும்போது 'நீட்டு' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதன் காரணமும் இதில் இருக்கிறது.

ஒரு ஃபிலிம், இரண்டு வியூ

எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம். சென்னையில் ரேடியோகிராபி படித்துச் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு, ஐம்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திய எக்ஸ்ரே நிலையத்தில் சேர்ந்தேன். காலை பாசஞ்சரில் போவேன், மாலை பாசஞ்சரில் திரும்புவேன்.

முன்னறையில் மெஷின். பின்னால் ஜன்னலை அடைத்துக் கறுப்புத் துணி தொங்கவிட்ட இருட்டறை. டெவலப்பர் ஒரு தொட்டி, தண்ணீர் ஒரு தொட்டி, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ ஒரு தொட்டி. சித்திரை, வைகாசியில் டெவலப்பர் சூடேறி ஃபிலிம் கருத்துப்போகும். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி வாங்கிவந்து தொட்டியைச் சுற்றிலும் போட்டு வைப்போம். என் உடம்பில் எப்போதும் ஹைப்போ வாடை அடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள்.

சேர்ந்த அன்றைக்கே டாக்டர் வேலையைச் சொல்லிவிட்டார்.

"தணிகாசலம், மார்புன்னா ஒரு படம். கை, கால், முட்டின்னா ரெண்டு வியூ. ஆனா ஃபிலிம் ஒண்ணுதான். பாதிய ஈயத் தகட்டால மூடிட்டு நேரா எடு. அப்புறம் தகட்ட மாத்திப் போட்டுப் பக்கவாட்டுல எடு. மெட்ராஸ்ல நூறு தினுசு சொல்லிக் குடுத்திருப்பான். அதெல்லாம் இங்க வேணாம். ஃபிலிம் கெடைக்கறதே பெரும்பாடு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போது ஃபிலிம் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஒரு பெட்டி தீர்ந்து அடுத்த பெட்டி வருவதற்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நாட்கள் உண்டு. முட்டி என்றால் பேஷண்டைப் படுக்கவைத்து, காலை நீட்டச் சொல்லி நேராக ஒன்று, ஒருக்களிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் ஒன்று. ஐந்து நிமிட வேலை. நூற்றுக்கணக்கான முட்டிகளை அப்படித்தான் எடுத்தேன்.

சென்னையில் படித்தபோது எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்திருந்தேன். அதில் ஒரு பக்கத்தில் என் கையாலேயே ஒரு படம் போட்டிருந்தேன்: மேஜைமேல் ஒருவன் மண்டியிட்டிருக்கிறான், பின்னாலிருந்து கதிர் வருகிறது. கீழே "டனல் வியூ" என்று எழுதியிருந்தது. முட்டியை மடக்கி எடுத்தால் தொடையெலும்பின் இரண்டு குமிழ்களுக்கு நடுவே குகை மாதிரி ஓர் இடம் தெரியும், அதனால் அந்தப் பெயர். பரீட்சைக்குப் படித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

கெடார் ஏழுமலை

ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள் ஏழுமலை என்ற பையன் டாக்டர் எழுதிய சீட்டோடு உள்ளே வந்தான். பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். தோள்வரை முடி. கெடார் பக்கத்துக் கூத்து ஜமாவில் பெண் வேஷம் கட்டுகிறவன்.

"எங்கப்பா வலிக்குது?"

"முட்டிக்குள்ள சார். நடந்தா ஒண்ணுமில்ல. மண்டி போட்டுக்கினு கிறுகிறுன்னு சுத்துவோம் பாருங்க, அப்பத்தான். உள்ளேருந்து யாரோ ஆணி வச்சிக்கினு குத்தற மாதிரி இருக்குது. சுத்திக் காட்டட்டுமா? இங்கயே எடம் போதும்."

"ஐயோ, மெஷின் மேல வுழுந்துடாத. படு. கால நீட்டு."

"நீட்டினா வலிக்காதே சார்."

"வலிக்காம இருந்தா நல்லதுதானே. ஆடாம படு."

சிரித்துக்கொண்டே படுத்தான். இரண்டு வியூ எடுத்து, கழுவி, ஈரத்தோடு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்.

"எலும்பு பளிங்கு மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல. தைலம் போட்டுத் தேய்ச்சுக்க."

"ஒண்ணுமில்லாததுக்கா சார் இந்த வலி வலிக்குது? எங்க வாத்தியாரு கேட்டா இன்னா சொல்றது?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லு."

காய்ந்த ஃபிலிமை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவன் அதைத் தலைக்குமேல் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே தெருவில் போனது நினைவிருக்கிறது. மறுநாளே அவனை மறந்துவிட்டேன்.

நெல் காயப்போடும் களம்

எங்களுக்கு ஒரே பெண், மல்லிகா. அவளுக்கு ஒன்பது வயதானபோது திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில் முதலாளி தன் இரண்டு பெண்களுக்கு நடனம் சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்தார். ஊர்ப் பெண்களும் சேரலாம் என்றார்கள். என் மனைவி சரோஜா முதல் நாளே மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாள்.

வகுப்பு நடந்தது மில்லின் சிமெண்டுக் களத்தில். காலையில் நெல்லைக் கொட்டிப் பரப்புவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் களம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் பன்னிரண்டு, பதிமூன்று பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்தால் அரைமண்டி. குதிகால்மேல் முழுக்க உட்கார்ந்தால் முழுமண்டி. முழுமண்டியிலிருந்து எம்பிக் குதித்துத் திரும்ப அதிலேயே இறங்குவார்கள். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து கட்டையால் தட்டுவார். அடியில் மண்ணோ பலகையோ கிடையாது, வெறும் சிமெண்டுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் நின்று பார்ப்பேன். கால்கள் சிமெண்டில் விழும் சத்தம் எனக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது.

மாஸ்டரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். மல்லிகாவைக் காட்டி, "இந்தக் குழந்தை மண்டியில உக்காந்தா எண்ணெய்ல வழுக்கற மாதிரி இருக்குங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவளுக்குப் பன்னிரண்டு முடிந்தபோது வலி வந்தது.

"முழுமண்டிலேருந்து எழுந்திருக்கறப்ப உள்ள சுருக்குங்குதுப்பா."

நான் பயந்த சுபாவம். அவளுக்குச் சளி பிடித்தாலே டாக்டருக்கு ஓடுகிறவன். அந்தச் சனிக்கிழமையே ரயிலில் விழுப்புரம் கூட்டிப்போனேன். அதே மேஜை. "நீட்டும்மா" என்றேன். நீட்டினாள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

டாக்டர் பார்த்தார். "உன் பொண்ணா? ஒண்ணுமில்லய்யா. வளர்ற வயசு. வளர்ற எலும்பு வலிக்கத்தான் செய்யும்."

எனக்குப் போன உயிர் வந்தது. ஸ்டேஷனில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், வாங்கிக் கொடுத்தேன். வழி முழுக்க உரித்துத் தின்றுகொண்டே வந்தோம்.

மறுநாள் அந்தப் படத்தை மாஸ்டரிடம் காட்டினேன். அவர் களத்தின் நடுவில் நின்று அதை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் வந்து பாருங்க. அப்பாவே எடுத்த படம். கண்ணாடி மாதிரி இருக்கு. இனிமே முட்டி வலின்னு எவளாவது மூலையில உக்காந்தா, நேரா விழுப்புரம் அனுப்பி வச்சிடுவேன்."

பெண்கள் சிரித்தார்கள். மல்லிகாவும் சிரித்தாள்.

இரண்டாம் படம்

ஒரு வருடம் கழித்து முட்டி சாயங்காலங்களில் வீங்க ஆரம்பித்தது. காலையில் வடிந்துவிடும். அவள் வகுப்புக்குக் கிளம்ப நேரமாக்கினாள். சரோஜாவுக்குக் கோபம்.

"கீழ ஒக்காந்து கோலம் போடச் சொன்னா முட்டி வலிக்குது. வகுப்புக்குப் போன்னா முட்டி வலிக்குது. பக்கத்து வூட்டுக்கு ஓடச் சொல்லு, ஜல்தியா ஓடறா. எல்லாம் சாக்குங்க."

ஓடினால் வலிக்காது, மடக்கினால் வலிக்கும். அந்தப் பேச்சிலேயே எல்லாம் இருந்தது. எனக்குக் காதில் விழவில்லை.

மறுபடி விழுப்புரம். மறுபடி அதே இரண்டு வியூ. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் கண்ணாலேயே அரை மணி நேரம் பார்த்தேன். எலும்பில் ஒரு கீறல் இல்லை. குருத்தெலும்பு ஃபிலிமில் விழாது என்பது எனக்குத் தெரியும். பாடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது அது. எலும்பு முனைகளின் மேல் வழவழப்பாக மூடியிருக்கும் அந்தப் பாகம், படத்தில் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் நான் "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

"நெசமாவாப்பா?"

"படம் பொய் சொல்லாதும்மா."

அதன்பிறகு அவள் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். சரோஜாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்: "பாத்தியா, வளர்ற வயசு வலி, போயிடுச்சு."

மேஜைமேல் மண்டியிட்டவன்

மல்லிகாவுக்குப் பதினைந்து நடக்கும்போது ஒரு திங்கட்கிழமை, வயதான ஒரு பெரியம்மா கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்து வந்தார். கூட வந்த மகன் வலது காலை விறைப்பாக வைத்து நடந்தான். பெஞ்சில் உட்காரும்போதும் அந்தக் காலை முன்னால் நீட்டிக்கொண்டான்.

"என்னைத் தெரியுதா சார்?" என்றான். "ஒண்ணுமில்லாத முட்டி."

முடியைக் கத்தரித்திருந்தான். அதனால் உடனே அடையாளம் தெரியவில்லை. ஏழுமலை. கூத்தை விட்டு நாலைந்து வருடமாயிற்றாம். எண்ணெய் மில்லில் மல்லாட்டை மூட்டைக்கு வாய் தைக்கிறானாம். நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் அது ஒத்துவருகிறதாம்.

"இப்ப வலிக்குதாப்பா?"

"வலி பழகிப்போச்சு சார். பூட்டிக்குது, அதான் பேஜாரு. நடந்துக்கினே இருப்பேன், டக்குன்னு மாட்டிக்கும். மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. உள்ள ஒண்ணு ஓடுது சார். கைய குடுங்க."

என் விரலைப் பிடித்து முட்டியின் ஓரத்தில் வைத்தான். தோலுக்கடியில் மல்லாட்டைப் பருப்பளவில் ஒன்று இருந்தது. அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது.

"பாத்தீங்களா? கைல அகப்படமாட்டான்."

அவன் சிரித்தான். நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டாக்டர் ஒரு வீட்டுக்கு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். பெரியம்மாவின் கையை முடித்துவிட்டு, யாரையும் கேட்காமல் இன்னொரு ஃபிலிமை எடுத்தேன்.

"ஏழுமலை, மேஜைமேல ஏறு. மண்டி போடு. முடிஞ்ச வரைக்கும்."

"இன்னா சார், இப்பத்தான் மண்டி போடச் சொல்றீங்க?"

ஃபிலிம் போட்ட கேசட்டை முட்டிக்கு அடியில் வைத்தேன். கதிர் வரும் ட்யூபைப் பின்பக்கமிருந்து சாய்த்தேன். ஒரே படம். இருட்டறையில் ஹைப்போவிலிருந்து தூக்கிச் சிவப்பு விளக்கில் பிடித்தபோதே தெரிந்தது. தொடையெலும்பின் உள்பக்கக் குமிழில் யாரோ கடித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். பக்கத்தில் தனியாக ஒரு துண்டு.

டாக்டர் வந்து நெடுநேரம் பார்த்தார்.

"எப்படி எடுத்த இத?"

"மடக்கி எடுத்தேன் சார்."

அவர் உடனே பேனாவை எடுத்தார். சென்னையில் ஒரு எலும்பு சர்ஜனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறகு எங்களுக்கு விளக்கினார். குருத்தெலும்புக்கு நேர் அடியிலிருக்கும் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அந்தத் துண்டு மெல்ல மெல்லக் கழன்று, மேலே மூடியிருந்த குருத்தெலும்போடு பெயர்ந்து மூட்டுக்குள் விழுந்துவிடும். ஓயாமல் குதிக்கிற, மடக்குகிற இளம் வயதுக்காரர்களுக்கு வரும். நேராக நீட்டி எடுக்கும் படத்தில் அந்த இடம் பல சமயம் மறைந்துபோகும்.

ஏழுமலை உறையை வாங்கிக்கொண்டு கேட்டான். "அன்னிக்கே மடக்கி எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரியல" என்றேன்.

அது பொய்.

வெள்ளிக்கிழமை

அன்று ரயிலில் உட்காரவே முடியவில்லை. வாசலருகே நின்றபடி வந்தேன். மல்லிகா சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டது. மண்டியிலிருந்து எழுந்திருக்கும்போது. உள்ளே. சுருக்கென்று.

வீட்டில் சரோஜா பட்டுப்புடவை ஒன்றை வெட்டி நடன உடை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழா. மல்லிகாவுக்குத் தனி நடனம்.

"நாளைக்கு மல்லிகாவ விழுப்புரம் கூட்டிக்கினு போறேன். முட்டிய ஒரு படம் எடுக்கணும்."

"இன்னாத்துக்கு? அவ ஒண்ணும் சொல்லலயே."

"சும்மா. பாத்துக்கலாம்னு."

"ரெண்டு தபா எடுத்தீங்க, ரெண்டு தபாவும் ஒண்ணுமில்லன்னீங்க. இன்னும் எத்தினி எடுப்பீங்க? நாலு நாள்தான் இருக்குது. விழா முடியட்டுங்க. சனிக்கிழம கூட்டிக்கினு போங்க, நான் வேணாங்கல."

ஏழுமலையின் முட்டியைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருந்தால், கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அவளே விழாவை நிறுத்தியிருப்பாள். நான் சொல்லவில்லை. சொன்னால் என் இரண்டு படங்களும் தப்பு என்று சொல்லவேண்டும். அதில் முதல் படத்தை மாஸ்டர் களத்தில் எல்லோருக்கும் காட்டியிருந்தார்.

மல்லிகா வந்ததும் கேட்டேன். "முட்டி எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

அதைப் பிடித்துக்கொண்டேன். நாலு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மல்லிகா நன்றாகவே ஆடினாள். ஆடும்போது முகத்தில் எதுவும் தெரியவில்லை. கடைசிப் பகுதியில் முழுமண்டியில் இறங்கி, மூன்று முறை எம்பி, நான்காவது முறை எழுந்திருக்கவேண்டும். மூன்றாவது முறை இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கை அபிநயத்திலேயே நின்றது. அதுதான் முடிவு என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். மாஸ்டர் தலைநிமிராமல் இன்னும் இரண்டு தாளச் சுற்றுக் கட்டையைத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

நான் மேடைமேல் ஏறினேன்.

"எழுந்திரும்மா."

"வரலப்பா." அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "கால் வரல."

பெஞ்சில் தூக்கிப் படுக்கவைத்தோம். வலது முட்டி மடங்கியபடியே இருந்தது. நடன உடைக்கு அடியில் முட்டியைச் சுற்றிப் பழைய தாவணித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தாள். கட்டு பதிந்து பதிந்து தோல் கறுத்துப் போயிருந்தது. அது ஒருநாள் கட்டியதால் வந்த கறுப்பு இல்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். "நகருங்க, சுளுக்குத்தான். ஒரே இழுப்பு இழுத்து வுட்டா நேராயிடும்." நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் படம்

மறுநாள் காலையில் வேனில் விழுப்புரம் போனோம். மைதானத்துப் பெஞ்சோடுதான் வேனில் ஏற்றினோம், பெஞ்சோடுதான் உள்ளே தூக்கிவந்தோம். இந்த முறை "நீட்டும்மா" என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீட்ட முடியாது. மடங்கிய காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, அதன்மேல் கேசட்டை வைத்து, ட்யூபைச் சாய்த்து எடுத்தேன். அவள் முட்டி பூட்டிக்கொண்ட பிறகுதான் என் மேஜையில் சரியான நிலைக்கு வந்தது.

இருட்டறையில் தனியாக நின்று அந்த ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தேன். ஏழுமலைக்கு இருந்த அதே இடம். பள்ளம் அவனுடையதைவிடப் பெரிது. துண்டு இரண்டாக உடைந்திருந்தது. வெளியில் சரோஜா கதவைத் தட்டி, "இன்னாங்க, என்ன தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஃபிலிமைத் தண்ணீரில் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

சென்னையில் சர்ஜன் மூன்று படங்களையும் வரிசையாக மாட்டிப் பார்த்தார்.

"வலி எத்தன வயசுல ஆரம்பிச்சுது?"

"பன்னெண்டு சார்."

"அப்ப கண்டுபிடிச்சிருந்தா ஆபரேஷனே வேண்டியிருந்திருக்காது. ஆறு மாசம், எட்டு மாசம் ஆடாம வச்சிருந்தா பெரும்பாலும் தானாவே ஒட்டிக்கும். வளர்ற எலும்புக்கு அந்தச் சக்தி உண்டு. இப்ப துண்ட எடுத்துடலாம். பூட்டிக்காது, நடக்கலாம். ஆனா அந்தப் பள்ளம் பள்ளம்தான். மேல இருந்த குருத்தெலும்பு திரும்பப் பழையபடி வளராது."

"ஆட்டம்?" என்று சரோஜா கேட்டாள்.

முடியாது என்று அவர் தலையை அசைத்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது மல்லிகாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தாவணித் துணியை எப்போதிலிருந்து கட்டினாள் என்றும் கேட்டேன்.

"ரெண்டாவது படம் எடுத்துட்டு வந்தோமே, அதுலேருந்து. நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. மறுபடி வலிக்குதுன்னு சொன்னா எப்படிப்பா?"

அவளுக்கு நடனம் போயிற்று. தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. பந்தியில் எல்லோரும் இலை போட்டு உட்காரும்போது அவளுக்குத் தனியாக ஸ்டூல். மழைக்காலத்தில் முட்டி வீங்கும். நாற்பது வயதில் அந்த மூட்டு எப்படி இருக்கும் என்று சர்ஜனிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார்.

மாஸ்டர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். மல்லிகாவைப் பார்த்துவிட்டுப் போனார். சிமெண்டுக் களத்தில் ஆடவைப்பதை அதோடு விட்டுவிட்டார். மில்லுக்குப் பின்னால் மண் தரையை மெழுகி அங்கே வகுப்பு வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெருமுக்கல் அடிவாரம்

கால் ஊன்றி நடந்தால் பெருமுக்கல் மலையேறிக் கும்பிடுவதாகச் சரோஜா வேண்டியிருந்தாள். போனோம். அவள் மட்டும் மேலே ஏறினாள். மல்லிகாவும் நானும் அடிவாரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். அவள் காலை நீட்டி வைத்திருந்தாள்.

"அப்பா, அந்த மொதல் படம் எடுத்தப்பவே அது உள்ள இருந்துச்சா?"

"தெரியல" என்ற வார்த்தை வாய்வரை வந்தது. ஒருமுறை சொல்லிப் பழகிய வார்த்தை.

"இருந்துச்சும்மா. மடக்கி எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்கு எடுக்கத் தெரியும். எடுக்கல."

அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ நான் சாக்கு சொல்லலதானே?"

"இல்லம்மா."

"நானே அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். எனக்குத்தான் சோம்பேறித்தனம் போல, வலிக்கிற மாதிரி தோணுதுன்னு. ஒவ்வொரு நாளும் காலையில அப்பிடிச் சொல்லிக்கினுதான் கட்டுவேன்."

 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெடாருக்குப் போனேன். ஏழுமலை வீட்டு வாசலில் மணிக்கட்டுக் கட்டைப் பிரித்துவிட்ட பெரியம்மா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கும் சென்னையில் துண்டை எடுத்திருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நீ கேட்டியே, தெரிஞ்சிருக்குமான்னு. தெரிஞ்சிருக்கும்ப்பா. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் சார்," என்றான். "நீங்க அதச் சொல்லச்சொல்ல என் மூஞ்சப் பாக்கவே இல்ல."

பெரியம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். அவன் குடித்து முடித்துவிட்டு, "உங்க பொண்ணு நடக்குதா?" என்று கேட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடக்கிறாள் என்றேன்.

இப்போதும் அதே நிலையத்தில்தான் வேலை செய்கிறேன். ஆடுகிறவர்கள், ஓடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் யார் முட்டி வலி என்று வந்தாலும் மடக்கி ஒரு படம் எடுக்கிறேன். அதற்கு ஃபிலிம் கேட்டால் டாக்டர் மறுப்பதில்லை. படத்தில் எதுவும் தென்படாவிட்டால், ரிஜிஸ்தரில் "ஒன்றுமில்லை" என்று நான் எழுதுவதில்லை. "இப்படி வைத்து எடுத்ததில் தெரியவில்லை" என்று எழுதுகிறேன். "என்னய்யா, வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதற?" என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். ஆனால் எழுதியதை அடித்துத் திருத்தவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வந்தவரை உடனே படுக்கச் சொல்லாதீர்கள். எப்போது வலிக்கிறது என்று கேளுங்கள். மண்டி போடும்போது என்றால் மண்டி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சுற்றும்போது என்றால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மெஷின்மேல் விழுந்தாலும் பரவாயில்லை.